கேள்விக்குறி போட்ட சதுரம்

நூலக அரங்கில் அன்று மாலை இரண்டு பேர் பதற்றத்தில் இருந்தார்கள். ஒருத்தி, மேடையில் பேசப்போகும் மரபணு ஆராய்ச்சிக்காரி. இன்னொருவர், மைக்செட் போட வந்த அவளுடைய அண்ணன்.

அவளுக்குக் கூட்டத்தைக் கண்டு பயம். அவருக்குத் தங்கையைக் கண்டு பயம்.

காரணம் இருந்தது. அவர்களுடைய அப்பா நாற்பத்தாறு வயதில், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே மாரடைப்பில் சாய்ந்தவர். ரத்தத்தில் கொழுப்பை ஏற்றிவிடும் அந்த மரபணுக் கோளாறு தனக்கும் இருப்பதைத் தங்கை சோதித்துத் தெரிந்துகொண்டு, தினமும் மாத்திரை போட்டுத் தெம்பாக நடமாடுகிறாள். அண்ணனுக்கு இப்போது நாற்பத்தைந்து. சோதனை என்று பேச்செடுத்தாலே எங்கேயாவது ஒரு ஸ்பீக்கர் பழுதாகி, அவர் கிளம்பிவிடுவார்.

"நம்ம வீட்டு விஷயத்த மேடையில இழுக்காத," என்றார் வயரைச் சுற்றியபடி.

"யார் பேரையும் சொல்ல மாட்டேண்ணா."

முன்வரிசையில் இடம் பிடித்திருந்த அண்ணி, "பேரு எதுக்கு? அந்த மூஞ்சியே சொல்லுமே," என்றாள்.

பேச்சு தொடங்கியது. திரையில் ஒரு குடும்பத்தின் வரைபடம். ஆண்கள் சதுரம், பெண்கள் வட்டம், கோளாறு உள்ளவர்களுக்குக் கறுப்பு. மேலே குறுக்குக்கோடு விழுந்த கறுப்புச் சதுரம், போய்ச் சேர்ந்தவர். அவருக்குக் கீழே ஒரு கறுப்பு வட்டம். பக்கத்தில், வயிற்றில் கேள்விக்குறியோடு ஒரு சதுரம்.

அண்ணி ஆம்ப்ளிஃபயர் மேசைப் பக்கம் சாய்ந்து, "அப்படியே உரிச்சு வெச்சிருக்கா உங்கள. தொப்பைதான் கம்மி," என்று கிசுகிசுத்தாள்.

"இந்தச் சதுரத்துக்கும் அந்தக் கோளாறு இருக்க சரிபாதி வாய்ப்பு உண்டு," என்றாள் தங்கை. "அதைக் கண்டுபிடிக்கிற சோதனை ரொம்ப..."

அண்ணனின் விரல் வால்யூம் திருகை மெல்ல இடப்பக்கம் திருப்பியது. மேடையில் வாய் மட்டும் அசைந்தது.

"சத்தம் வரல!"

"மைக்செட்டு, தூங்கிட்டியாப்பா?"

அண்ணன் மேசைக்கடியில் நுழைந்து, ஒழுங்காக இருந்த வயரைப் பிடுங்கி மறுபடியும் செருகினார். தங்கை நிறுத்தாமல் பேசினாள்; முன்வரிசை மட்டும் தலையாட்டியது. பேச்சு வேறு பக்கம் திரும்பிவிட்டதா என்று எட்டிப் பார்த்த பிறகுதான் அவர் வெளியே வந்தார். சத்தமும் வந்தது.

கடைசியில் கேள்வி நேரம். மைக்கைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கு ஆள் போவது அவருடைய வேலை. மடியில் குழந்தையோடு இருந்த ஒரு பெண் கையைத் தூக்கினாள்.

"அந்தக் கேள்விக்குறி ஆளு ஏன் இன்னும் சோதிச்சுக்கல?"

"அதை அவர்தான் சொல்லணும். நான் சொல்லக்கூடாது," என்றாள் தங்கை.

"அவருக்குக் கீழ ரெண்டு குட்டி வட்டம் இருக்கே. அதுங்களுக்குள்ளயும் கேள்விக்குறிதான் போட்டிருக்கு. பாவம், அதுங்க என்ன செஞ்சுதுங்க?"

அண்ணன் திரையைப் பார்த்தார். தன் சதுரத்தை முறைத்ததில் அந்த இரண்டு வட்டங்களை அவர் கவனிக்கவே இல்லை. பெரியவளும் சின்னவளும் இந்நேரம் வீட்டில் டிவிக்குச் சண்டை போட்டுக்கொண்டிருப்பார்கள்.

நீட்டிய மைக்கைத் தன் வாய்ப்பக்கம் திருப்பினார்.

"அவருக்கு ஊசின்னா பயம்ங்க. வெளிய சொல்ல வெக்கம்."

அரங்கம் சிரிப்பில் குலுங்கியது. "உங்களுக்குத் தெரிஞ்சவரா?" என்றாள் அந்தப் பெண்.

"பொறந்ததுலேருந்து."

முன்வரிசைக் கண்ணாடிக்காரர் திரும்பினார். "ஊசியே கிடையாதே! எச்சில் துப்பிக் குடுத்தாப் போதும்னு இந்தம்மா சொன்னாங்களே!"

அண்ணன் மேடையை நிமிர்ந்து பார்த்தார். "இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொன்னேண்ணா. அப்பத்தான் நீ வால்யூமக் குறைச்ச."

கூட்டம் கலைந்ததும், மேடைக்குப் பின்னாலிருந்த அறையில் தங்கை ஒரு சிறிய குழாயை நீட்டினாள். "இந்தக் கோடு வரைக்கும் வேணும். கோளாறு இருந்தா எனக்கு மாதிரி மாத்திரை. இல்லன்னா உம் பொண்ணுங்க கேள்விக்குறியையும் சேத்து அழிச்சிடலாம்."

அண்ணன் முக்கிப் பார்த்தார். நாக்கு வறண்டுபோய் ஒரு சொட்டுகூட வரவில்லை.

"வீட்ல என்னத் திட்டுறப்போ மழையாத் தெறிக்குமே," என்றாள் அண்ணி. "இப்ப எங்க போச்சு?"

"ரெண்டு பேரும் கொஞ்சம் வால்யூமக் குறைங்கடி!"

சதுரம் சுவர்ப்பக்கம் திரும்பி நின்று துப்பத் தொடங்கியது.