வடிகட்டியில் சிக்கிய குண்டன்

கழிவுநீர் லாரி ஓட்டுகிறவனுக்கு வீட்டில் ஒரே ஒரு சட்டம்தான். பின்பக்கக் குழாயடியில் தேய்த்துக் குளித்து, உடுப்பை மாற்றிக்கொண்டுதான் உள்ளே காலெடுத்து வைக்க வேண்டும். சட்டம் போட்ட மகராசி இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். ஆலையில் தள்ளுவண்டிச் சக்கரம் ஏறிய கணுக்காலில் கிருமி குடிபுகுந்துவிட்டது. புண் பச்சையாகச் சீழ் கட்டியது. எந்த ஊசிக்கும் மசியவில்லை. அடுத்த வாரம் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டியதுதான் என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார்.

மனைவியின் தங்கை அதே ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் கிருமிகளோடு மல்லுக்கட்டுகிறவள். கிருமியை மட்டும் கொல்லும் வைரஸ்கள் உண்டு, மனுஷனை அவை சீண்டாது, சாக்கடையில்தான் மண்டிக் கிடக்கும், கொண்டு வாருங்கள் மாமா என்றாள். தன் சரக்கை ஒருத்தி கேட்டு வாங்குவது இதுவே முதல் தடவை என்று லாரிக்காரன் சிரித்தான். சிரித்த வாயோடு கண்ணையும் துடைத்துக்கொண்டான்.

கண்ணாடித் தட்டில் ஜெல்லி ஊற்றி, அதில் அக்காவின் காலில் எடுத்த கிருமியை அவள் வளர விடுவாள். பாசி மாதிரி படரும். சாக்கடைத் தண்ணீரில் இருக்கும் மற்றக் கிருமிகள் நுழையாதபடி மிக நுண்ணிய வடிகட்டியில் வடித்து அதோடு சேர்ப்பாள். வைரஸ் இருந்தால் மறுநாள் பாசியில் ஓட்டை விழ வேண்டும். தெருத்தெருவாக அவன் கொண்டுவந்து கொடுத்தான். ஒரு தட்டிலும் ஓட்டை இல்லை.

மேலாகத் தெளிந்த தண்ணீர் போதும் என்று அவள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். ஆனால் கெட்டியாக இருந்தால்தானே வீரியம்? அவனாகவே ஒரு கணக்குப் போட்டு, தொட்டியின் அடிவண்டலை வழித்துக் கொண்டுவந்துவிட்டான்.

"மாமா, இது தண்ணியா, களியா?" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வடிகட்டி அடைத்துக்கொண்டது. கோபத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். உள்ளே இருந்த தாள் கிழிந்து எல்லாம் சளக்கென்று இறங்கியது. கொட்டிவிடலாம் என்று போனவளுக்கு மனசு கேட்கவில்லை. வண்டலோடு வந்த கிருமிகள் மட்டும் சாகட்டும், வைரஸ் தப்பட்டும் என்று நாலு சொட்டு குளோரோபார்ம் விட்டு, அதையும் ஒரு தட்டில் சேர்த்துவைத்தாள்.

மறுநாள் அந்தத் தட்டில் மட்டும் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள்.

அதிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புது வடிகட்டியில் வடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. வடிக்காமல் விட்டாள். ஓட்டை விழுந்தது. அப்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. வைரஸ் இல்லாமல் இல்லை. வடிகட்டிக்குள் நுழைய முடியாத பெரிய உடம்பு. இத்தனை நாளாக வடிகட்டியோடு சேர்த்துக் குப்பையில் போட்டிருக்கிறாள். ஜெல்லியிலும் அது நகர முடியாமல் திணறியிருக்கும். ஜெல்லியை நீர்க்கக் காய்ச்சி ஊற்றினாள். ஓட்டைகள் மிளகு அளவுக்கு வாய் பிளந்தன.

ஒருபோதும் கூப்பிடாதவள் போனில் கூப்பிட்டாள். அவன் ஒரு குழியில் குழாயை இறக்கியிருந்தான். பாதியில் எடுக்கவும் முடியாது. குழி வற்றுவதற்குள் அவன் உயிர் வற்றியது. குளிக்காமலே ஓடி வந்தான். மச்சினி மூக்கைப் பொத்திக்கொண்டே பெரிய நுண்ணோக்கியில் எடுத்த படத்தைக் காட்டினாள். பெருத்த தலை, கீழே குச்சி மாதிரி வால்.

"குண்டன் மாமா இவன். கிருமிக்குள்ள புகுந்ததும் தனக்குன்னு ஒரு அறை கட்டிக்குவான். கிருமியோட கத்தி கபடா எதுவும் அந்தச் சுவத்தத் தாண்டாது."

"உள்ள போயி கதவச் சாத்திக்கிறதா? உங்க அக்கா ஜாடைதான்."

சுத்தம் பண்ணி, சோதித்து, பெரிய டாக்டர்கள் தலையசைக்கும் வரை அறுவை தள்ளிப்போனது. இனி மனைவியிடம் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும். லாரிக்காரன் கட்டிலருகே நின்று மச்சினியை முன்னே தள்ளிவிட்டான். தங்கைதான் சொன்னாள். அக்காக்காரி தன் புருஷனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப இத்தன வருஷமா குழாயடியில மருந்தையா கழுவ வெச்சேன்?" என்றவள், தங்கை பக்கம் திரும்பி, "ஊத்துடி" என்றாள்.

குண்டனைப் புண்ணில் ஊற்றிக் கட்டுக்கு மேல் கட்டு மாற்றினார்கள். பச்சை மங்கியது. வீக்கம் வடிந்தது. கிருமி தளர, முன்பு பலிக்காத ஊசி மருந்தும் கூடவே வேலை செய்யத் தொடங்கியது. ஒரு காலையில் அறுவை டாக்டர் புண்ணை அமுக்கிப் பார்த்து, காலை எடுக்க வேண்டாம் என்றார்.

சேதி கேட்டு லாரியைப் போட்டது போட்டபடி அவன் வார்டு வாசலுக்கு ஓடி வந்தான். சகதிச் சட்டையோடு மூச்சு வாங்கி நின்றவனை, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வாடையே காட்டிக்கொடுத்துவிட்டது.

"மொதல்ல போய்க் குளிச்சிட்டு வாங்க. காலு எங்கயும் போயிடாது."