காசு கேட்டது யார்

சோமா நகர மண்டபத்தில் அன்று கருத்துக் கேட்புக் கூட்டம். இணையத்தில் எதைத் திறந்தாலும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று போன் கம்பெனிகளுக்கு அரசு சட்டம் போடலாமா, கூடாதா என்று பேச்சு. போடத்தான் வேண்டும் என்று சொல்லப் போயிருந்தேன். என் பெயர் லுயாண்டோ, இந்த வட்டாரத்துக்குப் பதினோரு வருடமாக வேளாண் அலுவலர். மக்காச்சோளத்தில் படைப்புழு விழுந்தால் என்ன செய்வது என்று இங்குள்ளவர்கள் பேசும் டோங்கா மொழியில் எழுதி, இணையத்தில் ஒரு பக்கம் வைத்திருக்கிறேன். யார் வேண்டுமானாலும் சும்மா படிக்கலாம்.

கம்பெனிக்காரர் முதலில் பேசினார். டை, சிரிப்பு, எல்லாம் கச்சிதம்.

"எங்க அரட்டை பேக்ல, போன்ல மெசேஜ் அனுப்பறது வாரம் பூரா இலவசம். ஏழைக்குச் சும்மா குடுக்கறதை அரசாங்கம் ஏன் தடுக்கணும்? எது வேணும்னு ஜனங்களே முடிவு பண்ணட்டும்."

கைதட்டல். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான் எழுவதற்குள் பின்வரிசையில் சோல்வேயின் அம்மா எழுந்துவிட்டாள். போன பருவத்தில் இரண்டு ஹெக்டேர் மக்காச்சோளத்தைப் புழுவுக்குக் கொடுத்தவள்.

"நான் இந்த மேடத்தைத்தான் கேக்கணும். சம்பளம் அரசாங்கம் குடுக்குது. அப்புறம் எங்ககிட்ட எதுக்குக் காசு? புழு விழுந்தப்ப போன்ல இவங்க பக்கத்தைத் தொட்டேன், காசு கட்டுன்னு வந்துச்சு. மேலிடத்துக்கு மனு போட்டாச்சு."

மண்டபமே என் பக்கம் திரும்பியது. வேலை போனால் போகட்டும், லஞ்சக்காரி என்ற பெயரோடா போவது? ஆனால் அவள் பொய் சொல்கிறவள் இல்லை.

"சோல்வே அம்மா, உங்க போன்ல என்ன பேக்?"

"இலவச அரட்டைதான். எங்க ஊரே அதான்."

"இப்பவே என் பக்கத்தைத் தொடுங்க. வர்றதை ஐயாகிட்ட காட்டுங்க."

கூட்டத்தை நடத்திய தொலைத்தொடர்பு ஆணைய அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டார். இங்கிலீஷில் வந்திருந்ததை டோங்காவில் சத்தமாகச் சொன்னார்: "உங்கள் பேக்கில் அரட்டை மட்டுமே. இதைப் பார்க்க ஐந்து குவாச்சாவுக்கு டேட்டா வாங்கவும்." கீழே கம்பெனியின் பெயர். அவளுக்கு அந்த ஐந்து மட்டும்தான் புரிந்திருக்கிறது. கம்பெனிக்காரர் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்.

"மினிபஸ்ல ஏறினா, நீ எந்தக் கடைக்குப் போறேன்னு கண்டக்டர் கேக்கறாரா?" என்றேன். "இலவசத்தை நிறுத்தச் சொல்லல ஐயா. இவ்வளவு டேட்டான்னு அளவு வெச்சுக் குடுக்கட்டும், எதைத் திறக்கறதுன்னு அவங்க பாத்துக்குவாங்க. கம்பெனி இதைத் தானா செய்யாது. அதுக்குத்தான் சட்டம்."

"அப்படி என்னதான் எழுதியிருக்கீங்க?" என்றார் அதிகாரி.

"புழு தெரிஞ்ச உடனே, குருத்துக்குள்ள சாம்பலும் மணலும் கலந்து போடுங்கன்னு."

சோல்வேயின் அம்மா ஒரு அடி முன்னால் வந்தாள்.

"சாம்பலா? தினமும் அடுப்பிலேர்ந்து அள்ளிக் கொட்டறேனே, அதா?"

"அதேதான்."

அவள் கம்பெனிக்காரர் பக்கம் திரும்பினாள். குரலை உயர்த்தவே இல்லை.

"தம்பி, உன் இலவசத்துக்கு நான் ரெண்டு ஹெக்டேர் குடுத்திருக்கேன்."