புலி ஆண்டுப் பிள்ளை

ஜாலான் புசாரில் வீடு வீடாகக் காய்கறி விற்கும் சீனப் பெண் கிம் ஹுவா, தன் மகன் கல்யாணத்துக்குச் சிவகாமசுந்தரியை அழைத்தாள். “பொண்ணையும் கண்டிப்பா கூட்டிட்டு வாங்க” என்று மூன்று தடவை சொன்னதுதான் சிவகாமசுந்தரிக்கு உறுத்தியது.

மகள் பூவம்மா அவள் பெற்ற பிள்ளை இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதாம் ஆண்டு ஒரு மருத்துவச்சி துணியில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்த சீனக் குழந்தை. பெற்றவர்கள் யாரென்று மருத்துவச்சி சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. எட்டு வருஷம் ஓடிவிட்டது.

“போகலைன்னா மரியாதையா இருக்காது லா. எனக்குத்தான் லீவு இல்ல, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்று கணவர் தனசேகரன் அனுப்பிவைத்தார்.

கிம் ஹுவா குடியிருந்த புக்கிட் பாஞ்சாங் கிராமத்தில், அந்தக் கம்பத்தில், பட்டாசு வெடித்துக்கொண்டிருந்தது. மணமக்கள் மண்டியிட்டுப் பெரியவர்களுக்குத் தேநீர் கொடுத்தார்கள். பொட்டும் மல்லிகையுமாக நின்ற பூவம்மாவைப் பார்த்துப் பெண்கள் குசுகுசுத்தார்கள். சிவகாமசுந்தரி மகளின் கையை விடவே இல்லை.

கிம் ஹுவா அருகில் வந்தாள். இருவரும் எப்போதும் மலாயில்தான் பேசிக்கொள்வார்கள்.

“இவ எந்த வருஷம் பொறந்தா?”

“ஏன் கேக்குறீங்க?”

“சும்மா சொல்லுங்கம்மா.”

“ஐம்பத்தொண்ணு.” பொய் தானாக வந்தது.

“அப்ப எங்க சீனக் கணக்குல முயல் வருஷம். நல்லது, வா!” கிம் ஹுவா பூவம்மாவை மணப்பெண்ணின் அறைப்பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். சிவகாமசுந்தரி பதறிப் பின்னால் ஓடினாள். வாசலில் ஒருத்தி வேறொரு சிறுமியைத் தடுத்துக்கொண்டிருந்தாள்.

“இந்தப் பிள்ளை புலி வருஷம், ஐம்பதுல பொறந்தது” என்று கிம் ஹுவா விளக்கினாள். “புலிப் பிள்ளை உள்ள போனா பொண்ணுக்கு ஆகாது.”

சிவகாமசுந்தரி மகளை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள். “இவளும் புலிதான். நான் பொய் சொல்லிட்டேன்.”

“ஏம்மா?”

“நீங்க பெத்த பிள்ளையோ, திருப்பிக் கேட்பீங்களோன்னு பயம்.”

கிம் ஹுவா கோபப்படவில்லை. பூவம்மாவைச் சன்னல்பக்கம் அனுப்பினாள். மணப்பெண் உள்ளேயிருந்து கை நிறையக் கடலை மிட்டாயை நீட்டினாள்.

“என் பொண்ணை ஜப்பான்காரன் ஆண்ட காலத்துல வளர்க்கக் குடுத்துட்டேன்” என்றாள் கிம் ஹுவா. “சிராங்கூன் ரோட்டுல ஒரு தமிழ் வீட்டுக்கு. இப்ப பதினஞ்சு வயசு. உங்ககிட்டக் கேக்கணும்னுதான் கூப்பிட்டேன். உங்க பிள்ளையைப் பார்த்தா கேக்க தைரியம் வரும்னு நினைச்சேன். அப்படி ஒரு பொண்ணு தெரியுமா?”

சிவகாமசுந்தரிக்குத் தெரியும். அதே தெருவில், அதே வயதில் ஒருத்தி இருந்தாள். அவளை வளர்த்தவள் முத்தாயி, கோயிலில் தினமும் பார்க்கிறவள்.

“விசாரிக்கிறேன்” என்றாள்.

விசாரிக்கவில்லை. பல மாதங்கள் கிம் ஹுவா கீரைக்கட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள். “இன்னும் தெரியலை” என்று இவளும் சொல்லிக்கொண்டே இருந்தாள், அவள் முகத்தைப் பார்க்காமல். பிறகு கிம் ஹுவா கேட்பதை நிறுத்திவிட்டாள்.