சிகுசாவின் கிண்ணம்

எங்கள் கேப்டன் நகுரா கால்பந்தாடிய காலத்தில் ஜப்பானின் இந்த ஷிமிஸு ஊரே அவர் பின்னால் நின்றது. ஓய்வு பெற்றபின் ஒரு ஈ காக்கைகூட எட்டிப் பார்க்கவில்லை. இரண்டாவது மவுசு போன் வழியாக வந்தது. அதுவும் பந்தால் இல்லை, சாப்பாட்டால்.

நான் அதே அணியில் பெஞ்சைத் தேய்த்த மாற்று கோல்கீப்பர். இப்போது துறைமுகத்தருகே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறேன். மதியம் அவர் வந்து உட்காருவார். தனக்கு ஒரு தட்டு. எதிரே ஆளில்லாத இடத்தில் சோறும் மூடி போட்ட சூப் கிண்ணமும். தூரம் போனவர்களுக்காகப் பரிமாறி வைக்கும் பழைய வழக்கம் அது. சாப்பிட்டு முடித்து மூடியைத் திறந்தால் உட்புறம் நீர் முத்து கட்டியிருக்க வேண்டும். கட்டியிருந்தால் போனவர் நலம்.

போனவள் அவர் மகள் சிகுசா. வடகோடித் தீவான ஹொக்கைடோவில் இருக்கிறாள். அவளுடைய அம்மா கண்மூடிய அன்று இவர் வெளியூரில் ஆடிக்கொண்டிருந்தார். அதோடு பேச்சு நின்றது. கூப்பிட்டால் போனை எடுக்கமாட்டாள்.

"வீடியோ போட்டா என்னிக்காவது அவ கண்ணுல படும்டா" என்று, என் கடையில் சாப்பிடுவதைப் போனில் படம் பிடித்துப் போட ஆரம்பித்தார்.

ஒரு நாள் வீடியோவில் எதிர்க் கிண்ணத்தைக் காட்டி, "இது என் மகளுக்கு" என்றார். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அந்த வழக்கம் எங்கே தெரியும்? செத்தவளுக்குப் படைப்பதாக எடுத்துக்கொண்டார்கள். மூன்று லட்சம் பேர் சேர்ந்து அழுதார்கள்.

"கேப்டன், உசுரோட இருக்கிற பொண்ணுக்குத் துக்கம் விசாரிக்கிறாங்க. இல்லேன்னு சொல்லித் தொலைங்க!"

"இவ்வளவு மரியாதையா எழுதியிருக்காங்க. அவங்கள எப்படிடா வெட்கப்பட வைக்கிறது?"

ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். இந்த மரியாதை எங்கள் ஆட்களைப் பிடித்த வியாதி. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

போன வாரம் அந்தக் கூட்டத்துக்குள் ஒரு வரி வந்தது. "நான்தான் சிகுசா. சாகவில்லை. அப்பா, அந்தக் கடை சூப்பில் உப்பு அதிகம், உங்களுக்கு ஆகாது."

கேப்டன் ஒற்றை விரலால் பதில் தட்ட ஆரம்பித்தார். அதற்குள் ஆயிரம் பேர் அவள்மேல் பாய்ந்துவிட்டார்கள். "செத்த பிள்ளை பேரில் விளையாடுகிறாயா? நீயெல்லாம் மனுஷியா?" அவர் அவள் பெயரைத் தட்டி முடிப்பதற்குள் அந்த வரி மறைந்தது. அவள் கணக்கும் மறைந்தது. போன் போட்டார். எடுக்கவில்லை.

மறுநாள் கேமரா முன் தலை தாழ்த்திச் சொன்னார். "என் மகள் உயிரோடு இருக்கிறாள். முதலிலேயே சொல்லாதது என் தப்பு."

யார் நம்பினார்கள்? "ஐயோ பாவம், துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது" என்று எழுதினார்கள். இப்போது ஐந்து லட்சம் பேர் பார்க்கிறார்கள். என் கடையில் அவர் எதிரே உட்கார ஒருத்தரும் இல்லை.

நேற்று வீடியோ எடுக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, எதிர்க் கிண்ணத்தின் மூடியைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

"பாரு, முத்து கட்டியிருக்கு. நல்லா இருக்கா."

சூடான சூப்பை மூடினால் யாருக்கும்தான் கட்டும்.

"ஆமா கேப்டன். நல்லா இருக்கா."

எழுந்து செருப்பை மாட்டியவர் வாசலில் நின்றார்.

"நாளையிலேர்ந்து எனக்கு உப்பைக் குறைச்சுப் போடுடா."