தன் கம்பெனியிலேயே ஆள் பிடித்தவர்

கல்லூரியில் அவரை 'மேதை' என்பார்கள். பாதி மரியாதை, பாதி கிண்டல். எப்பேர்ப்பட்ட கணக்கையும் கரும்பலகையில் அவிழ்த்துவிடுவார். சட்டைப் பொத்தானை மட்டும் ஒரு துளை தள்ளியே போடுவார்.

நாற்பது வயதில் பேராசிரியர் வேலையை உதறிவிட்டு, தையல் கடை மாடியில் இரண்டு அறை பிடித்து முதலீட்டு நிறுவனம் தொடங்கினார். பங்கு வியாபாரம் தெரிந்த ஒருவரையும் சேர்க்கவில்லை. தொலைநோக்கி வைத்து நட்சத்திரங்களை ஆராய்ந்துகொண்டிருந்த ஒருவரும், கணக்கு வாத்தியார்கள் சிலரும் வந்தார்கள். விலைகள் ஏறி இறங்குவதில் ஒளிந்திருக்கும் ஒழுங்கைத் தேடிப் பிடித்து, கணினியே வாங்கி விற்கும்படி செய்தார்கள்.

மனைவியின் அண்ணன், வங்கியில் வேலை பார்த்தவர், முதலில் தலையில் அடித்துக்கொண்டார். நிறுவனம் கொழிக்க ஆரம்பித்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தார்.

"மாப்பிள்ளை, எந்த ஷேர் வாங்கலாம்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

"எனக்குத் தெரியாதே."

"எங்கிட்டயேவா?"

"நெஜமாவே தெரியாது மச்சான். கம்ப்யூட்டருக்குத்தான் தெரியும். ஏன்னு கேட்டா அதுவும் சொல்லாது."

மச்சான் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வயதானதும் மேதை நிறுவனத்தை நட்சத்திரக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு, சேர்ந்த சொத்தை நல்ல காரியத்துக்குத் தர இறங்கினார். பள்ளிக்கூடங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு ஒருநாள் வாடிப்போய் வீடு திரும்பினார்.

"நல்ல கணக்கு டீச்சரே கிடைக்கறதில்லையாம்."

மனைவி துணி மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்படிக் கிடைப்பாங்க? பாதிப் பேரை நீங்கதானே மாடிக்கு ஏத்திக்கிட்டீங்க."

சுருக்கென்றது. மறுவாரமே அறக்கட்டளை ஒன்றை ஆரம்பித்தார். கணக்கில் கெட்டிக்காரர் யார் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்த வந்தாலும், அரசு தரும் சம்பளத்தோடு இன்னொரு சம்பளம். ஆட்கள் வரத் தொடங்கினார்கள். மேதைக்குத் தலைகால் புரியவில்லை, நட்சத்திரக்காரர் போன் செய்யும்வரை.

"சார், நம்ம கம்பெனியில இருக்கறதுலயே கெட்டிக்காரப் பொண்ணு ராஜினாமா பண்ணிட்டா. ஸ்கூலுக்குப் போறாளாம். உங்க காசுலதான்."

"அப்படியா?"

"நீங்க சிரிக்கற மாதிரி இருக்கே சார்."

"இல்லையே."

பக்கத்தில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

"நீங்களாவது அவகிட்ட பேசிப் பாருங்க சார்."

பேசிப் பார்க்கத்தான் போனார். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கு அவர் போய்ச் சேர்ந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. கடைசி பெஞ்சில், முழங்கால் மேசையில் இடிக்க, ஒடுங்கி உட்கார்ந்தார். அந்தப் பெண் பலகையில் முக்கோணம் ஒன்றை வரைந்து கேள்வி கேட்டாள். பிள்ளைகள் விழித்தார்கள். பழக்க தோஷம், மேதையின் கை தானாக உயர்ந்தது.

"நீங்க சும்மா இருங்க சார். அவங்க யோசிக்கட்டும்."

வகுப்பே திரும்பிப் பார்த்துச் சிரித்தது. அவர் கையை இறக்கிக்கொண்டார். தப்புத் தப்பாக விடைகள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் அவர் நெளிந்தார், நகத்தைக் கடித்தார், ஆனால் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஜன்னலோரச் சிறுமி ஒருத்தி, அவர் நினைத்தே பார்க்காத வழியில் போய்ச் சரியான விடையைச் சொன்னாள்.

மணி அடித்ததும் அந்தப் பெண் அவரிடம் வந்தாள். "என்னைத் திரும்பக் கூப்பிடத்தானே வந்தீங்க?"

"ஆமா," என்றார் மேதை. "ஆனா அதை விடு. நாளைக்கு என்ன பாடம்?"