நேராக விழுந்த கிளிப்புகள்

தொழிற்சாலையில் எனக்கு வேலை பெட்டிகளைக் கீழே போடுவது. சிரிக்காதீர்கள், அதற்குத்தான் சம்பளம். அட்டைப்பெட்டிக்குள் மிக்சி பிழைக்குமா என்று ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விட்டுப் பார்ப்போம். கனமானதோ லேசானதோ, ஒரே நேரத்தில்தான் தரையைத் தொடும். கையிலிருந்து விட்டது நேராக விழும், காற்று தள்ளியது விலகி விழும். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.

தரைத்தள வீட்டில் நான் ஒண்டிக்கட்டை. எனக்கு நேர் மேலே, முதல் மாடியில், இன்னொரு ஒண்டிக்கட்டை: என் அண்ணன். அம்மா செத்த அன்று நான் தாமதமாக வந்ததற்கு, "இனிமே என் மூஞ்சில முழிக்காத" என்றார். நானும் ரோஷக்காரன். ஆறு வருடம் முழிக்கவில்லை.

ஆனால் சில மாதமாக அவருடைய துணி கிளிப் ஒன்று தினமும் காலையில் என் பின்முற்றத்தில் விழும். "துணி காயப்போடக்கூடத் துப்பில்ல" என்று திட்டிக்கொண்டே பொறுக்கி டப்பாவில் போடுவேன். பொய் சொல்வானேன், அந்த 'டொக்' கேட்டால்தான் எனக்கு டீ இறங்கும்.

போன வாரம் மூன்று நாள் சத்தமே இல்லை. நாலாம் நாள் இருப்புக்கொள்ளவில்லை. ரோஷமாவது மண்ணாவது என்று டப்பாவைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

சுவரைப் பிடித்து நகர்ந்து வந்து கதவைத் திறக்க அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. வலது கை தொங்கியது, காலை இழுத்தார்.

"ஐயோ, என்னண்ணே இது?"

"மூணு நாளாச்சுடா."

ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டு, அவருக்குச் சட்டை எடுக்க பால்கனிக்கு ஓடினேன். அங்கே கொடியே இல்லை. துணியெல்லாம் உள்ளே நாற்காலிகளில் கிடந்தது. பால்கனிச் சுவர்மேல் ஒரு கிளிப் பாக்கெட், பாதி காலி.

காற்றடித்த நாளிலும் கிளிப் முற்றத்தில் அதே தரைக்கல்லின் மேல்தானே விழுந்தது! என் மரமண்டைக்கு உறைக்கவில்லையே. திருப்பிக் கொடுக்கவாவது நான் மேலே வருவேன் என்று தினம் ஒன்றாகப் போட்டிருக்கிறார் மனுஷன்.

ஆம்புலன்ஸ்காரர் என்னைப் பார்த்து, "கீழதான இருக்கீங்க? மூணு நாளா என்ன பண்ணீங்க?" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த அண்ணன் குழறியபடி சொன்னார்:

"அவன ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் கிளிப் போடல."