முதல் வாசகம்

…பிடுங்கித்தான் கொடுத்திருக்கிறார்கள், வேறென்ன, வெள்ளிக்கிழமை பள்ளித் திருப்பலியில் பைபிளிலிருந்து முதல் வாசகம் வாசிக்க மகளின் பெயரைப் பலகையில் ஒட்டிவிட்டு, பத்து நாள் கழித்து அதை அடித்துவிட்டுப் பெற்றோர் சங்கத் தலைவியின் பெண் பெயரை எழுதினால் அதற்குப் பெயர் என்னவாம், தலைமை சிஸ்டரின் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த கண்டக்டரம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்தப் பெண் வாயில் ‘ழ’ ஏறினால் ‘ய’வாகத்தான் இறங்கும், ஊருக்கே தெரியும், தன் மகளோ பாத்திரம் கழுவும்போதுகூட அந்த வாசகத்தையே முணுமுணுத்துக்கொண்டிருந்தவள், நேற்று என்னாச்சுடி என்று கேட்டதற்கு, “வேற ஆளுக்குக் கொடுத்துட்டாங்கம்மா” என்று முகத்தைக்கூடக் காட்டாமல் ஷூவுக்குப் பாலிஷ் போடக் குனிந்துகொண்டாள்… பாவம், எப்படித் துடித்திருக்கும் பிள்ளை… வாசிக்கிற பிள்ளையின் பெற்றோர்தான் அன்று அப்பமும் திராட்சை இரசமும் ஏந்திக் காணிக்கைப் பவனியில் நடக்க வேண்டும் என்பது இந்தப் பள்ளியின் வழக்கம், ஓகோ, அதுதானா சங்கதி, காக்கிச் சட்டைக்காரி நடந்தால் கோயில் கறுத்துவிடுமோ, நாள் முழுக்க ஆயிரம் பேரை ஏற்றி இறக்குகிறவளுக்கு ஒரு தட்டை ஏந்தத் தெரியாதோ? இருக்கட்டும், இன்றைக்கு ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தாயிற்று, இரண்டில் ஒன்று பார்க்காமல் போவதில்லை.

“உட்காருங்கம்மா” என்றார் சிஸ்டர். “உட்கார வரல சிஸ்டர். எதுக்கு எம் பொண்ணு பேர அடிச்சீங்க? கேக்க நாதியில்லன்னு நெனச்சீங்களா?” வராந்தாவில் வரிசையாகப் போன பிள்ளைகள் நின்று திரும்பிப் பார்த்தார்கள், பார்க்கட்டுமே, நியாயத்தை மெல்லமாகவா கேட்பார்கள்… சிஸ்டர் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். “நாங்க அடிக்கலம்மா. அவளேதான் வந்து வேணாம்னா. ஏன்னு கேட்டேன். வாசிச்சா அம்மா வரணுமே சிஸ்டர்னா.”

அம்மா வரணுமே… வந்தால் என்ன, வந்தால் என்னடி, யாருக்காக வந்தேன், போன வருடம் பெற்றோர் கூட்டத்தில் வாசலை அடைத்துக்கொண்டு நின்றவர்களைப் பார்த்து, பழக்கதோஷம், “உள்ள போங்க உள்ள போங்க, நடுவுல எடம் கெடக்கு பாருங்க” என்று கத்தினேன், எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான் சிரித்தேன், ஒரு வாரம் டிப்போவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்… இவள் சிரித்தாளா? கணக்கு டீச்சர் திட்டினார் என்று வகுப்புக்குள்ளேயே போய் ஒரு பிடி பிடித்தேனே, அன்று வீட்டுக்கு வரும்வரை இவள் ஒரு பேச்சு பேசவில்லை, அம்மாவை நினைத்துப் பெருமையில் வாயடைத்துப்போனாள் என்றல்லவா நினைத்தேன், முட்டாள், அடி முட்டாள்… கோபம் அப்படியேதான் இருந்தது, யார் மேல் இறக்குவது என்றுதான் தெரியவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, பின்னால் சாத்தினாள். வராந்தாவின் கோடியிலிருந்து மகள் மூச்சிரைக்க ஓடிவந்தாள், யாரோ போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். “கத்துனியாம்மா?” இல்லடி என்றாள் கண்டக்டரம்மா. “என்னம்மா? கேக்கல” என்றாள் மகள். அந்தப் பொய்யை இன்னொரு தரம் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.